தோட்டம் கேள்வி – பதில்: தூர் பிரிப்பது, குச்சி நடுவது, பதியம் போடுவது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. இருக்கிற செடியிலிருந்து இன்னொரு செடி எடுப்பது எப்படி? எடுத்தது ஏன் பிழைக்கவில்லை? அதனால் பல ஆண்டு வாழும் பூச்செடிகள், அழகுச் செடிகள் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாலு வருஷமாக ஒரே இடத்தில் இருக்கும் கல்வாழைப் புதரில் ஓரங்கள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. நடுவில் காய்ந்த கட்டைகள்தான். பூவும் சிறுத்துவிட்டது, உரம் போட்டும் பயனில்லை. தோண்டிப் பிரித்து நடலாமா? எப்படி?

பதில்: பிரித்துத்தான் ஆக வேண்டும். கல்வாழையை இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரிப்பது நல்லது. அதன் கிழங்கு மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் ஒரு தண்டு. வளரும் நுனி எப்போதும் வெளிப்பக்கம் நோக்கியே நகரும். பின்னால் விட்டுப்போவது, பூத்து முடித்த தண்டுகளின் அடிக்கட்டை. அதில் முளைக்கக்கூடிய மொட்டு அநேகமாக இருக்காது. நடு வெறுமையாவது இதனால்தான். வெளிவட்டத்துக் கன்றுகளோ ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சத்து தீர்ந்த மண்ணில் நிற்கின்றன. மேலே எவ்வளவு உரம் தூவினாலும் அந்த நெருக்கம் குறையப் போவதில்லை.

முதல் நாள் மாலையே புதருக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலை தண்டுகளை 15 முதல் 20 செ.மீ. உயரம் விட்டு அறுத்துவிட்டு, வெளிக்கன்றுகளிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்குங்கள். பிறகு அடியில் நெம்பினால் மொத்தத் தூரும் கட்டியாக எழும்பும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்டு கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும்.

தூக்கியதும் மண்ணை உதறி, தண்ணீரால் கழுவுங்கள். இதைப் பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். கழுவாமல் வெட்டினால் மொட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் வெட்ட வேண்டியிருக்கும். கழுவிய கிழங்கில் வெளிர் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ கூர்மையாகப் புடைத்திருப்பவைதான் மொட்டுகள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு அல்லது மூன்று மொட்டும், விரல் நீளத்துக்குக் குறையாத கிழங்கும், கொஞ்சம் வேரும் இருக்கும்படி வெட்டுங்கள். ஒரே மொட்டு உள்ள துண்டும் முளைக்கும். ஆனால் அது தூராகிப் பூப்பதற்கு நேரம் எடுக்கும். மொட்டே இல்லாத, கறுத்த, லேசான கட்டைகளை எறிந்துவிடலாம். கிழங்கு பெரிதாக இருக்கிறதே என்று நட்டு வைத்தால் அழுகத்தான் செய்யும்.

வெட்டிய முகம் உலர ஒரு நாள் நிழலில் வையுங்கள். வெட்டுவாயில் கந்தகத் தூளைத் தொட்டு வைப்பதும் உண்டு. உலர விடுவதுதான் முக்கியம், தூள் இரண்டாம்பட்சம். நடும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ வரை நன்றாக மட்கிய தொழுவுரம் கலந்து, மொட்டுகள் மேல்நோக்கி இருக்கும்படி கிழங்கைப் படுக்கையாக வைத்து, 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் மூடுங்கள். ஒன்றுக்கொன்று 45 முதல் 60 செ.மீ. இடைவெளி வேண்டும். நட்டதும் ஒருமுறை தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். அதன் பிறகு முளை வெளியே வரும்வரை மேல்மண் இரண்டு விரற்கட்டை ஆழம் காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர். இலையே இல்லாத கிழங்கு தண்ணீர் குடிக்காது. தினமும் ஊற்றினால் வெட்டுவாய் வழியாக அழுகல்தான் நுழையும்.

இரசாயன உரத்தை இரண்டு புதிய இலை விரியும்வரை தொடாதீர்கள். உரம் என்பது உப்பு. புதிதாக வெட்டுப்பட்ட வேரைச் சுற்றி உப்பு கூடினால், வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழக்கும்.

கேள்வி: பிரித்து நட்ட கல்வாழையில் இலைகளில் மஞ்சள் கோடு கோடாக வருகிறது. சத்துக் குறைபாடா? இரும்புச் சத்து தெளித்தும் மாறவில்லை.

பதில்: கோடுகள் நடு நரம்பிலிருந்து ஓரம் நோக்கி, பக்க நரம்புகளை ஒட்டியபடி ஒழுங்கில்லாமல் ஓடுகின்றனவா? இலை சுருண்டு முறுக்கிக்கொள்கிறதா? பூவின் நிறத்தில் திட்டுத் திட்டாக வெளிறல் தெரிகிறதா? அப்படியானால் அது வைரஸ். சத்துக் குறைபாட்டில் வெளிறல் இலையின் இரண்டு பக்கமும் சீராக இருக்கும், நரம்பு பச்சையாகவே நிற்கும். இலையில் வரிசையாக ஒரே அளவு ஓட்டைகள் இருந்தால் அது வேறு விஷயம். இலை சுருண்டிருந்தபோது புழு ஒரே இடத்தில் துளைத்திருக்கிறது, விரிந்ததும் வரிசையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வைரஸ் என்றால் மருந்து கிடையாது. கிழங்கோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். வாங்கும்போதே நோய் இருந்திருக்கலாம், அசுவினி பரப்பியிருக்கலாம். அடுத்த சந்தேகம் பிரித்த கத்தி மீதுதான். நோயுள்ள கிழங்கை வெட்டிய அதே கத்தியால் அடுத்ததை வெட்டினால் சாறு வழியாகப் பரவும். ஸ்பிரிட்டால் துடைப்பது பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் போதும், வைரஸுக்கு அதை நம்ப முடியாது. வீட்டில் பயன்படுத்தும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கத்தியை 10 நிமிடம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசாவிட்டால் கத்தி துருப்பிடிக்கும். இரண்டு கத்திகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று ஊறும்போது மற்றது வெட்டும், வேலை நிற்காது. கலவையை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். பிளீச்சோடு வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் கலக்கக் கூடாது, நச்சுப் புகை வரும்.

கேள்வி: தூர் பிரிக்கச் சரியான மாதம் எது? ஒருவர் வசந்தம் என்கிறார், இன்னொருவர் மழைக்காலம் என்கிறார்.

பதில்: மாதத்தைக் கேட்பதைவிடச் செடியைப் பார்ப்பது நல்லது. பூத்து ஓய்ந்து, அடுத்த சுற்று வளர்ச்சிக்கான முளை அடியில் தலைகாட்டத் தொடங்கும் நேரமே சரியான நேரம். அப்போது மேலே இலை குறைவு, உள்ளே சேமிப்பு அதிகம், புது வேர் விடும் உந்துதலும் இருக்கும். உறைபனி விழும் இடங்களில் வசந்தத்தில் பூப்பதை இலையுதிர் காலத்திலும், இலையுதிர் காலத்தில் பூப்பதை வசந்தத்திலும் பிரிப்பது வழக்கம். பனி இல்லாத, மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இடங்களில் கடும் வெயில் தணிந்து மழை தொடங்கும்போது பிரிக்கலாம். இருவர் சொன்னதும் அவரவர் ஊருக்குச் சரிதான். மொட்டோடு நிற்கும் செடியை மட்டும் எங்கேயும் எப்போதும் பிரிக்க வேண்டாம். அவசரத்துக்குப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் பூக்காம்பு அத்தனையையும் நறுக்கிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ஜெர்பரா தொட்டியை மூன்றாகப் பிரித்தேன். பத்தே நாளில் மூன்றும் அடியில் கறுத்து, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்துவிட்டன. வேர் நிறையத்தான் இருந்தது.

பதில்: ஆழமாக நட்டிருப்பீர்கள். ஜெர்பராவின் இலைகளெல்லாம் புறப்படும் குருத்துப் பகுதி மண்ணுக்குள் போகவே கூடாது. மண் மட்டத்துக்கு 1 செ.மீ. மேலே தெரிய வேண்டும். நடும்போது சாய்ந்து ஆடுவது போலத்தான் இருக்கும். அந்த ஆட்டத்தைப் பொறுக்க முடியாமல் மண்ணை அணைத்து இறுக்குவதுதான் தவறு. தண்ணீர் விட விட மண் தெறித்துக் குருத்தின் மேல் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மண் மூடிய குருத்தில் ஈரம் நின்றால் அழுகல் பூஞ்சைக்கு வேறு ஏதும் தேவையில்லை.

அடுத்த முறை இரண்டு வருடமாவது ஆன தூரை எடுங்கள். குருத்துகள் தனித்தனியாகத் தெரியும் இடத்தில், ஒவ்வொன்றிலும் வேர் இருக்கிறதா என்று பார்த்துக் கத்தியால் பிளந்துவிடுங்கள். வெளி இலைகளை எடுத்துவிட்டு உள்ளே மூன்று நாலு இலை மட்டும் விடுங்கள். மிக நீண்ட வேர்களைச் சுருட்டித் திணிக்காமல் 10 செ.மீ. அளவுக்கு நறுக்கலாம். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. தண்ணீர் காலையில், தொட்டியின் ஓரமாக.

கேள்வி: சாமந்தியைப் பக்கக் கன்று பிரித்து நடுவது நல்லதா, நுனிக் குச்சி நடுவது நல்லதா?

பதில்: சுலபம் கன்று, சுத்தம் குச்சி. பூத்து முடிந்ததும் செடியை 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டால் சில வாரங்களில் தூரைச் சுற்றிக் கன்றுகள் கிளம்பும். ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்து, தனக்கென்று வேர் பிடித்த வெளிவட்டக் கன்றுகளை மட்டும் பிரித்து நடுங்கள். மரத்துப்போன நடுத்தூரைத் திரும்ப நடாதீர்கள், அதன் வேலை முடிந்துவிட்டது.

ஆனால் கன்று வேரோடும் மண்ணோடும் வருகிறது. பழைய மண்ணிலிருந்த வாடல் நோய், நூற்புழு எல்லாம் கூடவே வரும். போன வருடம் அடியிலைகள் நரம்புகளுக்கு இடையே கோணத் திட்டுகளாகக் கறுத்துக் கீழிருந்து மேலே காய்ந்துகொண்டே போயினவா? அப்படியென்றால் கன்று பிரிக்க வேண்டாம். நூற்புழு ஈரமான தண்டின் வழியே மேலே ஏறுகிறது. வேகமாக வளரும் தளிர் நுனியை எட்டியிருக்க வாய்ப்பு குறைவு. அப்படிப்பட்ட நுனியில் 5 முதல் 7 செ.மீ. கிள்ளி, அடி இலைகளை நீக்கி, பாதி மணலும் பாதி நார்க்கழிவும் கலந்த ஊடகத்தில் 2 செ.மீ. ஆழம் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். மொட்டு வைத்த நுனியை எடுக்காதீர்கள். அது வேர் விடுவதை விட்டுப் பூக்கத்தான் பார்க்கும்.

வேர் பிடித்த செடியில் ஐந்தாறு இலை வந்ததும் நுனி கிள்ளினால் கிளைக்கும். இரவு நீளத் தொடங்கிய பிறகு கிள்ளுவதை நிறுத்துங்கள். சாமந்தி நீண்ட இரவில்தான் மொட்டு வைக்கும். வாசல் விளக்கோ தெருவிளக்கோ இரவு முழுக்க மேலே விழும் இடத்தில் நட்டுவிட்டு, இலை இலையாகப் போகிறது, பூக்கவில்லை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செடியை இருட்டுக்கு மாற்றினாலே போதும்.

கேள்வி: மஞ்சள் ஓரமுள்ள பாம்புக் கற்றாழையின் இலையை வெட்டி நட்டேன். வேர் பிடித்துக் குட்டியும் வந்தது. ஆனால் குட்டியில் மஞ்சள் ஓரமே இல்லை. வெயில் போதவில்லையா?

பதில்: வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் செடி இரண்டு வகை திசுக்கள் அடுக்கடுக்காக ஒட்டி வளர்ந்த கலவை. மஞ்சள் ஓரத்தைத் தருவது ஓர் அடுக்கு, பச்சையைத் தருவது இன்னோர் அடுக்கு. தூரிலுள்ள குருத்தில் இரண்டும் அதே வரிசையில் இருக்கின்றன. அதனால் அடியிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே இருக்கும். வெட்டிய இலையில் குருத்து கிடையாது. உள்திசுவிலுள்ள செல்களிலிருந்து புதிதாக ஒரு குருத்து உருவாக வேண்டும். அந்தச் செல்கள் பச்சை அடுக்கைச் சேர்ந்தவை என்பதால் குட்டி முழுப் பச்சையாகிறது. அது மஞ்சளுக்குத் திரும்பாது.

ஆகவே மஞ்சள் ஓரம் வேண்டுமானால் தூர் பிரிப்பது ஒன்றுதான் வழி. கன்று ஒரு சாண் வளர்ந்து மூன்று இலையாவது வந்ததும், தாயோடு இணைக்கும் தடித்த தண்டை வெட்டி, இரண்டு நாள் உலரவிட்டு நடுங்கள். வெறும் பச்சை வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. 7 முதல் 10 செ.மீ. இலைத் துண்டு போதும். ஆனால் எது அடி, எது நுனி என்பது மாறிவிட்டால் அந்தத் துண்டு வேர் விடாது. வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டினால் குழப்பம் வராது. குட்டி வெளியே தெரிய மாதக்கணக்காகும். தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: செம்பருத்திக் குச்சி நட்டால் பத்துப் பதினைந்து நாளில் அழகாகத் துளிர்க்கிறது. ஒரு மாதத்தில் துளிரோடு காய்ந்துவிடுகிறது. ரோஜாவிலும் இதே கதை. எங்கே தவறுகிறேன்?

பதில்: குச்சியில் துளிர் வந்தால் பிழைத்துவிட்டது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. கணுவில் மொட்டு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. குச்சிக்குள் இருக்கும் மாவுச்சத்தும் ஈரமும் போதும், அது விரிந்துவிடும். வேர் அப்படியல்ல. வெட்டுவாய் மூட வேண்டும், திசு கட்டியாக வளர வேண்டும், பிறகு தோலுக்கு அடியிலுள்ள செல்கள் வேர்முனையாக மாற வேண்டும், அது தோலைப் பிளந்து வெளியே வர வேண்டும். செம்பருத்தியில் இதற்கு நாலு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் மேலே விரிந்த இலைகள் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும், கொடுக்கக் கீழே வேர் இருக்காது. ரொக்கம் தீர்ந்த நாளில் கடை சாத்துவது போல, சேமிப்பு தீர்ந்ததும் எல்லாம் ஒரே வாரத்தில் வாடிவிடும். மேலே சூடாகவும் அடியில் குளிராகவும் இருந்தால் துளிர் இன்னும் முந்திக்கொள்ளும். ஊடகம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் இருப்பது வேருக்கு நல்லது.

செத்த குச்சியை எறிவதற்கு முன் பிடுங்கி அடியைப் பாருங்கள், காரணம் அங்கேதான் இருக்கும். அடி கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு. தொழுவுரமோ தோட்டமண்ணோ கலந்த ஊடகத்தில் இது அடிக்கடி நடக்கும். அடியில் வெள்ளையாகப் பெரிய கட்டி திரண்டு, வேர் மட்டும் இல்லையென்றால் வேர் ஊக்கி தேவைப்பட்டிருக்கிறது, அல்லது பொறுமை போதவில்லை. அடி வெட்டியபோது இருந்தது போலவே காய்ந்து நின்றால் குச்சியைச் சுற்றி மண் இறுகாமல் காற்றுப் பை இருந்திருக்கும், அல்லது குச்சி முற்றிப்போனது. கணு தலைகீழாக இருந்தால் காரணத்தைச் சொல்லவே வேண்டாம். கட்டுக் கட்டாக வெட்டி வைத்து நடும்போது அதுவும் நடக்கிறது.

செய்ய வேண்டியது இது. பச்சையும் இல்லாமல் முற்றியும் போகாத, பென்சில் பருமனுள்ள தண்டில் 12 முதல் 15 செ.மீ. எடுங்கள், மூன்று நாலு கணு இருக்கட்டும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, மேல்வெட்டு ஒரு கணுவுக்கு 1 செ.மீ. மேலே. அடியிலுள்ள இலைகளை நீக்கி, உச்சியில் இரண்டு இலை மட்டும் விட்டு அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். இலையே இல்லாமல் மழித்துவிடவும் கூடாது, வேர் உருவாவதற்கான பொருள்களில் ஒரு பகுதி அந்த இலையிலிருந்துதான் இறங்குகிறது. மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். அடியை வேர் ஊக்கித் தூளில் தொட்டு, உதறி, முன்கூட்டியே குச்சியால் போட்ட துளையில் 5 செ.மீ. ஆழம் இறக்கி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். துளை போடாமல் குத்தினால் தூள் மண்ணோடு போய்விடும்.

பிறகு தொட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் பைக்குள் வெந்துவிடும். பையின் உட்புறம் லேசாக வியர்த்திருந்தால் தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடித்துளையில் வேர் தெரிந்தால் அல்லது மெதுவாக இழுக்கும்போது குச்சி பிடித்துக்கொண்டால் பையைத் திறக்கத் தொடங்கலாம். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும். ஒரேயடியாகத் திறந்து வெயிலில் வைத்துக் கொன்றவைதான் அதிகம்.

கேள்வி: வேர் ஊக்கிக்குப் பதில் தேன், இலவங்கப்பட்டைத் தூள், கற்றாழைச் சாறு, இளநீர் எல்லாம் சொல்கிறார்களே? ஊக்கி வாங்கினால் அளவு என்ன?

பதில்: தேனும் பட்டைத்தூளும் கிருமியைக் கொஞ்சம் தடுக்கலாம், வேரை உருவாக்காது. கற்றாழைச் சாறு ஒரு தீங்கும் செய்யாது, அதைத் தடவித்தான் பிழைத்தது என்பதற்கும் ஆதாரமில்லை. சுலபமாக வேர் விடும் செடி எதைத் தடவினாலும் விடும், புகழ் மட்டும் தேனுக்குப் போகும். இளநீர் விஷயம் வேறு. அதில் வளர்ச்சிப் பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. 1941-லேயே ஊமத்தையின் கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அதில் குறிப்பிடத்தக்கது சைட்டோகைனின் வகை. அது செல் பெருகவும் குருத்து வரவும் தூண்டும், வேர் வருவதைத் தடுக்கும். உங்களுக்குத் தேவையானதற்கு நேர் எதிர். போதாததற்குச் சர்க்கரை வேறு, பூஞ்சைக்கு விருந்து.

வேருக்கு ஆக்சின் வகை, அதாவது வேர் வரத் தூண்டும் வளர்ச்சிப் பொருள், வேண்டும். 1935 முதல் அறியப்பட்டது ஐ.பி.ஏ. எனப்படும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம். இளந்தண்டுக்கு 0.1 சதவீதத் தூள், நடுத்தர முற்றலுக்கு 0.3, மரத்த தண்டுக்கு 0.8 என்பது பொதுவான அளவு. கரைசலாகச் செய்வதென்றால் ஒரு லிட்டருக்கு 1 கிராம் என்பது 1000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்கு. ஐ.பி.ஏ. வெறும் தண்ணீரில் கரையாது. முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைத்துப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். 1000 முதல் 3000 பி.பி.எம். கரைசலில் அடியை ஐந்து விநாடி நனைத்தால் போதும். அதிகமானால் அடி கறுத்துக் கருகும், மொட்டும் உறங்கிவிடும். டப்பாவுக்குள் நேரடியாகக் குச்சியை விடாதீர்கள், தேவையானதைத் தனியே கொட்டி எடுத்து மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் வேர் விட்ட மணி பிளான்ட் மண்ணுக்கு மாற்றினால் வாடுகிறது. ஓர் இலை மட்டும் ஒரு வருஷமாக வேரோடு இருக்கிறது, வளரவே இல்லை.

பதில்: தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியும், வேர்த்தூவிகளும் குறைவு. 2 முதல் 4 செ.மீ. இருக்கும்போதே மாற்றுங்கள். நீளமாக வளரவிட்டால் மண்ணில் அவ்வளவும் வீணாகிப் புதிதாக விட வேண்டும். முதல் இரண்டு வாரம் மண்ணைச் சேறாக்காமல் எப்போதும் ஈரமாக வைத்துப் பிறகு குறையுங்கள். அந்த ஒற்றை இலையில் கணு இல்லை. கணு இல்லையென்றால் மொட்டும் இல்லை. வேர் விடும், பச்சையாகவும் இருக்கும், கொடியாக மட்டும் ஆகாது.

கேள்வி: பேர்ட் ஆஃப் பாரடைஸ் செடி தொட்டியில் நெருக்கமாகிவிட்டதே என்று ஒவ்வொரு கன்றாகப் பிரித்து நட்டேன். இரண்டு வருஷமாகப் பூவே இல்லை.

பதில்: நெருக்கம்தான் அதற்குப் பிடிக்கும். அகபாந்தஸ், கிளைவியா ஆகியவையும் அப்படித்தான். சதைப்பற்றான, எளிதில் ஒடியும் வேர்கள் பிரிக்கும்போது நிறையச் சேதமாகின்றன. அதை ஈடுகட்டித் தூர் கூடிய பிறகுதான் பூக்கும். ஒற்றைக் கன்றாகப் பிரித்திருப்பதால் இன்னும் ஓரிரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். இப்போது பெரிய தொட்டிக்கு மாற்றுவது, தழைச்சத்து உரம் போடுவது எல்லாம் இலையைத்தான் கூட்டும். நல்ல வெயிலில் வைத்து அப்படியே விடுங்கள். இனி பிரிப்பதானால் தொட்டியை வேர் பிளக்கும் நிலை வந்த பிறகு, ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து கன்று சேர்ந்தபடி, இரண்டாகவோ மூன்றாகவோ மட்டும் பிரியுங்கள்.

கேள்வி: நிலச்சம்பங்கிப் புதர் அடர்த்தியாகப் புல் மாதிரி இருக்கிறது, ஆனால் பூந்தண்டு வருவதில்லை.

பதில்: ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்த பிறகு சுற்றிலும் குட்டிக் கிழங்குகளை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மூன்று வருடம் பிரிக்காவிட்டால் பூக்கும் அளவுக்குப் பெருக்க இடமில்லாத குட்டிகளின் கூட்டம்தான் மிஞ்சும், நீங்கள் பார்ப்பது அதன் இலைகளை. இலை மஞ்சளாகும்போது தண்ணீரை நிறுத்தி, தோண்டி, மண்ணை உதறி மூன்று நாலு வாரம் நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி வையுங்கள். பிறகு கையாலேயே பிரியும். 2 செ.மீ.க்குமேல் குறுக்களவுள்ள, உறுதியான கிழங்குகளைத் தனியே எடுத்து 5 முதல் 7 செ.மீ. ஆழத்தில் 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். சிறியவற்றை ஒரு மூலையில் நெருக்கமாக நட்டு ஒரு வருடம் வளர்த்துப் பிறகு மாற்றலாம். அரை நாளுக்குக் குறைவான வெயில் விழும் இடத்தில் எவ்வளவு பிரித்தாலும் பயனில்லை.

கேள்வி: மல்லிகையில் பதியம் போட்டேன். மூன்று மாதம் கழித்துத் தோண்டினால் கிளை புதைத்தபடியே இருக்கிறது. ஒரு மரக்கிளையில் ஈரப்பாசி சுற்றிக் கட்டிப் போட்ட விண்பதியமும் அப்படியே.

பதில்: இரண்டிலும் காயம் போதவில்லை. இலையில் உருவாகும் உணவும் ஆக்சினும் பட்டை வழியாகக் கீழே இறங்குகின்றன. வேரிலிருந்து வரும் தண்ணீர் உள்ளே மரப்பகுதி வழியாக மேலே ஏறுகிறது. பட்டையை அறுத்தால் இறங்குவது மட்டும் தடைபட்டு அந்த இடத்தில் தேங்கும். தண்ணீர் போவது நிற்காததால் கிளை வாடாது. தேங்கிய இடத்தில் வேர் வரும். அறுக்காமல் புதைத்தால் எல்லாம் வழக்கம்போல் கடந்து போய்விடும்.

மல்லிகையில் ஒரு வருடக் கிளையை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழிருந்து மேல்நோக்கி 3 செ.மீ. நீளத்துக்கு நாக்கு போல் சீவுங்கள், ஆழம் தண்டின் பாதி வரை. நாக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சித் துண்டைச் செருகுங்கள். அந்த இடத்தை 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து, கொக்கியால் பிணைத்து, மேலே ஒரு கல்லும் வைத்து, நுனியை நிமிர்த்திக் கட்டுங்கள். வேர் பிடித்த பிறகும் ஒரே வெட்டில் பிரிக்காதீர்கள். தாய்ப்பக்கம் பாதி வெட்டி, பத்து நாள் கழித்து மீதியை வெட்டினால் கன்று வாட்டம் இல்லாமல் பழகிக்கொள்ளும்.

விண்பதியத்தில் 2.5 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தபின், வழுவழுப்பாக இருக்கும் மரத்தைக் கத்தியின் பின்புறத்தால் சுரண்ட வேண்டும். அந்த வழுவழுப்புதான் புதுப் பட்டையை வளர்க்கும் அடுக்கு. அது மிஞ்சினால் சில வாரத்திலேயே காயத்தைப் பாலம் போட்டு மூடிவிடும், நீங்கள் கட்டிய பாசி சும்மா இருக்கும். பாசியை ஊறவைத்துச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து கட்டுங்கள். வேர் வளையத்தின் மேல் விளிம்பில்தான் வரும், ஆகவே பாசி அந்த விளிம்பைத் தாண்டி மூடட்டும். பிளாஸ்டிக்கின் மேல்முடிச்சு தளர்வாக இருந்தால் மழைநீர் இறங்கி உள்ளே எல்லாம் நாறிவிடும்.

கேள்வி: தூர் பிரிக்கவே முடியாத செடிகள் எவை?

பதில்: ஒரே வளர்முனை கொண்டவை. பறவைக்கூடு பெரணிக்கு நடுவில் ஒரே குருத்துதான். பிளந்தால் அதுவும் போகும். இலையின் பின்புறத்திலுள்ள வித்துத்தூளில்தான் புதுச் செடி. ஒற்றைத்தண்டுப் பனை வகைகள் அப்படியே. அரிகா பாம் தொட்டியில் கூட்டமாகத் தெரிவது பெரும்பாலும் சேர்த்து விதைத்த பல நாற்றுகள். பிரிக்கலாம், ஆனால் வேர் பின்னியிருப்பதால் சில சாகும். நித்தியகல்யாணி ஒற்றை ஆணிவேரில் நிற்பது, அதற்கு விதையோ நுனிக் குச்சியோதான். அடினியத்தில் குச்சி வேர் விடும். ஆனால் விதையிலிருந்து வந்த செடியின் பருத்த அடித்தண்டு குச்சியில் அதேபோல் திரளாது.

கேள்வி: டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டின் தண்டு நுனியில் குட்டி முளைத்திருக்கிறது. எப்போது எடுக்கலாம்? தொட்டியில் ஐந்து தண்டு இருக்கிறது, அதையும் பிரிக்கவா?

பதில்: குட்டியில் மூன்று நாலு வேர் தலா 5 செ.மீ. நீளம் வரும்வரை விடுங்கள். பிறகு அது ஒட்டியிருக்கும் தாய்த்தண்டில் மேலும் கீழும் 2 செ.மீ. சேர்த்து வெட்டி, வேரை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். குட்டிக்கு அளவான மிகச் சிறிய தொட்டியில் கரித்துண்டோ மரப்பட்டையோ போட்டு நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம், நடுவில் ஈரம் காயாது. பூவுக்குப் பதில் குட்டியாகவே வந்துகொண்டிருந்தால் தழைச்சத்தைக் குறையுங்கள், தொட்டியில் வேர் அழுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து தண்டைப் பிரிக்க வேண்டாம். ஒரு பங்குக்கு மூன்று அல்லது நான்கு தண்டாவது வேண்டும். ஏழெட்டு ஆகட்டும், புது முளையின் அடியில் வேர் எட்டிப் பார்க்கும் வாரத்தில் இரண்டாக வெட்டலாம்.